ஓரப்பட்டைக்கு எது பொருந்தும்: அலைச்சுருளா, மீயாண்டரா, பின்னலா?

கிரேக்க, ரோமானியக் கட்டடக்கலையிலிருந்து வந்த ஓரப்பட்டை ஒன்றைத் தரைக்கோ, சுவரின் நடுவரம்புக்கோ, மேசை விளிம்புக்கோ போட நினைப்பவர்கள் கடைசியில் மூன்று வடிவங்களுக்கு நடுவே வந்து நின்றுவிடுகிறார்கள். ஓர் அலை எழுந்து, தலைகவிழ்ந்து சுருண்டு, அது அடங்கும் இடத்திலேயே அடுத்தது எழுந்து ஓடும் அலைச்சுருள் முதலாவது. கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றிப் பத்துப் புத்தகங்கள் எழுதிய ரோமானியர் விட்ரூவியஸின் பெயரால் இதை விட்ரூவியச் சுருள் என்றும், பேச்சுவழக்கில் ஓடும் நாய் என்றும் சொல்வதுண்டு. ஒரு கோடு சதுரம் சதுரமாக மடிந்து செல்லும், டைல்ஸ் கடையில் கிரீக் கீ என்று கேட்டால் எடுத்துக் காட்டும் மீயாண்டர் இரண்டாவது. இரண்டோ மூன்றோ புரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி, இடையிடையே வட்டக் கண்களை விட்டுச் செல்லும் பின்னல்பட்டை மூன்றாவது.

கடைக்காரர் நீட்டும் ஓரடி மாதிரித் துண்டில் மூன்றுமே அழகாகத்தான் இருக்கும். அந்தத் துண்டு பட்டையின் நடுப்பகுதி மட்டுமே. நடுப்பகுதியில் எந்த வடிவமும் யாருக்கும் தொல்லை கொடுத்ததில்லை. தொல்லை எல்லாம் பட்டை தொடங்கும் இடத்திலும், முடியும் இடத்திலும், மூலையிலும் இருக்கிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில் அழகைக் கடைசியில் வைத்து, மூலையை முதலில் வைத்திருக்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி திசை: பட்டை ஒரு பக்கமாக ஓடுகிறதா, இருந்த இடத்தில் நிற்கிறதா? இரண்டாவது, செங்கோண மூலையில் அது எப்படித் திரும்புகிறது, வட்டத்தில் எப்படி வளைகிறது என்பது. மூன்றாவது, உங்கள் பக்கத்தின் நீளத்தை அந்த வடிவத்தின் ஒரு அலகால் வகுத்தால் மீதி வரும்போது அதை எங்கே ஒளிக்கலாம் என்பது. அறைகளை யாரும் பட்டையின் அலகுக்கு ஏற்றாற்போல் கட்டுவதில்லை. நான்காவது, கையில் இருக்கும் பொருளும் வேலையாளும். கல் பதிப்பில் எளிதாக வருவது சுதை வேலையில் எளிதாக வராது, சாயத்தில் வருவது இரண்டிலும் வராமல் போகலாம். ஐந்தாவதாக, அந்த வடிவத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் அர்த்தங்கள் உண்டு. இதைப் பலரும் வேலை முடிந்த பிறகே நினைத்துப் பார்க்கிறார்கள்.

அலைச்சுருள்

இந்த வடிவம் எந்த இடத்தில் தன் முழு அழகையும் காட்டும் என்பதை அறிய ஏதென்ஸின் பிளாக்கா பகுதியில் இருக்கும் லைசிக்ரேட்டஸ் நினைவுச்சின்னத்தைப் பார்ப்பது நல்லது. பாடற்குழுப் போட்டியில் தன் குழு வென்றதற்காக லைசிக்ரேட்டஸ் என்ற செல்வர் கி.மு. 334ஆம் ஆண்டளவில் எழுப்பிய சிறிய வட்டக் கட்டடம் அது. அதன் கூரை ஒரே பளிங்குக் கல்லில் செதுக்கியது; இலைகளை வேய்ந்தது போன்ற அந்தக் கூரையின் விளிம்பைச் சுற்றி அலைச்சுருள் ஓடுகிறது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் நிக்கோலஸ் ரெவெட்டும் ஏதென்ஸின் பழங்கட்டடங்களை அளந்து வரைந்து 1762இல் வெளியிட்ட முதல் தொகுதியில் இதுவும் இடம்பெற்றது. வட்டக் கூரைக்கு மூலை கிடையாது, தொடக்கமும் முடிவும் கிடையாது. ஆகவே ஒரே திசையில் ஓடும் வடிவம் அங்கே தடையின்றி ஓடி, புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்ந்துகொள்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சுற்றளவில் அலைகள் முழு எண்ணாக அமைய வேண்டும்.

செவ்வகத்தில் நிலைமை வேறு. அலைச்சுருளைக் கண்ணாடியில் பார்த்தால் அது எதிர்த்திசையில் ஓடும். அதாவது இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்க வேண்டிய இடத்தில், ஒரே திசையில் ஓடும் அலை ஒரு பக்கம் வாசலை நோக்கியும் மறுபக்கம் வாசலை விட்டு விலகியும் போகும். இதற்கு இரண்டு தீர்வுகள் வழக்கில் உள்ளன. அறையைச் சுற்றி ஒரே திசையில் ஓடவிட்டு, மூலைகளில் ஒரு சதுரக் கட்டம் வைத்து அதில் பூவோ இலையோ நிரப்புவது ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு சிப்பியையோ முகத்தையோ வைத்து, அங்கிருந்து இருபுறமும் அலைகள் பிரிந்தோடுமாறு செய்வது மற்றொன்று. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வடிவமைப்பாளர் வில்லியம் கெண்ட்டும் அவர் வழிவந்தவர்களும் செய்த சுவரோர மேசைகளில், பளிங்குப் பலகைக்குக் கீழே உள்ள மரப்பட்டையில் அலைச்சுருளை அடிக்கடி காணலாம். மேசையை எப்போதும் நேர்முன்னால் நின்று பார்ப்பதால் நடுவிலிருந்து பிரியும் அமைப்பு அங்கே சரியாகப் பொருந்துகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூலைக் கட்டங்களைக் கழித்தபின் நீளப் பக்கத்தில் 12 அடியும் அகலப் பக்கத்தில் 10 அடியும் பட்டைக்குக் கிடைப்பதாகக் கொள்வோம். ஓர் அலையின் நீளம் 9 அங்குலம் என்றால், 144 அங்குலத்தில் 16 அலைகள் சரியாக அமரும். 120 அங்குலத்திலோ 13 அலைகள் போக 3 அங்குலம் மிஞ்சும். அலையை 8 அங்குலமாகக் குறைத்தால் 18, 15 என்று இரண்டுமே முழு எண்ணாகிவிடும். ஒரே திசையில் ஓடவிடுவதானால் இத்துடன் வேலை முடிந்தது. நடுவிலிருந்து பிரிய வேண்டுமென்றால், 15 அலைப் பக்கத்தில் நடு அலையின் இடத்தைச் சிப்பிக்குக் கொடுத்து இருபுறமும் ஏழேழு வைக்கலாம். 18 அலைப் பக்கத்தில் அப்படி வராது. அங்கே அலையைச் சற்று நீட்டி 17 ஆக்கிக்கொள்ள வேண்டும்: ஓர் அலை எட்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, இருபுறமும் எட்டெட்டு, நடுவில் ஒரு சிப்பி. அரை அங்குல வேறுபாட்டை வளைகோட்டில் கண் கண்டுபிடிக்காது. மற்ற வடிவங்களைவிட அலைச்சுருளுக்கு இருக்கும் பெரிய சலுகை இதுதான். மீதியை எல்லா அலைகளுக்கும் பகிர்ந்து கொடுத்துவிடலாம்.

செலவிலும் ஒரு சலுகை உண்டு, அதை அறிந்தவர்கள் குறைவு. அலையும் அதன் பின்னணியும் சம அளவில் வரையப்பட்டிருந்தால், கறுப்பு அலையைத் தலைகீழாகத் திருப்பும்போது அது வெள்ளை இடைவெளியின் வடிவமாகவே இருக்கும். இரண்டு நிறத் தகடுகளை அடுக்கி ஒரே கோட்டில் அறுத்துத் துண்டுகளை மாற்றிப் பொருத்தினால் கழிவு இல்லாமல் இரண்டு பட்டைகள் கிடைக்கும். பாரிசில் பதினான்காம் லூயி மன்னருக்கு அறைகலன் செய்த ஆந்த்ரே ஷார்ல் பூல் ஆமையோட்டையும் பித்தளையையும் இப்படித்தான் ஒருசேர அறுத்துப் பயன்படுத்தினார். அவருடைய சிக்கலான வடிவங்களில் நேர்ப்பதிப்பும் எதிர்ப்பதிப்பும் வெவ்வேறாகத் தோன்றும். சம அலைச்சுருளில் இரண்டாவது பட்டை முதலாவதைத் திருப்பி வைத்ததுதான், ஆகவே இரண்டையும் ஒரே அறையில் போடலாம். இன்று நீரைப் பீய்ச்சி அறுக்கும் வாட்டர்ஜெட் இயந்திரத்தில் பளிங்கையும் கிரானைட்டையும் அறுக்கும்போதும் இதே முறை கைகொடுக்கும். வெட்டின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போய்விடுவதால் அந்த இடைவெளியை நிரப்பும் பசையின் நிறத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு அலையின் நுனியில் இருக்கிறது. சுருள் முடியும் இடத்தில் கல் கூரிய முனையாக மெலிகிறது. அறுக்கும்போதோ, எடுத்துச் செல்லும்போதோ, பதித்தபின் பாலிஷ் போடும்போதோ அந்த முனைதான் முதலில் உடையும். சுதை வேலையில் வேறொரு குறை. வெள்ளையடிக்க வெள்ளையடிக்கச் சுருளின் உட்பள்ளம் சாயத்தால் நிரம்பி, சில பூச்சுகளுக்குப் பிறகு அலை வெறும் மேடுபள்ளமாகத் தெரியும். பழைய ஐரோப்பிய மாளிகைகளைச் சீரமைப்பவர்கள் சாய அடுக்குகளைச் சுரண்டி எடுப்பதில் நாட்களைச் செலவிடுவது இதனால்தான். சிறு கற்களைப் பதித்துச் செய்யும் மொசைக்கில் அகலம் போதாவிட்டால் வளைவு வளைவாகவே இராது. ஒரு சென்டிமீட்டர் கற்களைக்கொண்டு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான அகலத்தில் அலை போட்டால் அது படிக்கட்டாகத்தான் தெரியும்.

வட்ட மேசை, நீரூற்றின் விளிம்பு, குளியலறைத் தரை, நீண்ட நடைவழி, மாடிப்படியின் பக்கவாட்டுப் பலகை ஆகிய இடங்களில் அலைச்சுருளுக்கு நிகரில்லை. அங்கெல்லாம் நாமும் ஒரு திசையில் போகிறோம், அல்லது பார்வை சுற்றி வருகிறது. நாலு பக்கமும் சமமாக அமைதி காக்க வேண்டிய சதுர அறைக்கு, மூலைக்கும் நடுவுக்கும் தனியாகச் செலவிட மனமில்லை என்றால், இதைத் தவிர்ப்பதே நல்லது.

மீயாண்டர்

செங்கோணமாக மடிந்து மடிந்து செல்லும் இந்தக் கோட்டுக்குப் பெயர் கொடுத்தது இன்றைய துருக்கியில் வளைந்து நெளிந்து ஓடும் மியாண்டர் ஆறு. ஏதென்ஸின் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஏறத்தாழ கி.மு. 750ஐச் சேர்ந்த டிபிலான் தாழி ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயரமானது. அதன் உடலெங்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக மீயாண்டர் பட்டைகள், அவற்றுக்கு நடுவே இறந்தவரைக் கிடத்தி அழும் காட்சி. ரோமில் கி.மு. 9இல் அர்ப்பணிக்கப்பட்ட அமைதிப் பலிபீடத்தின் வெளிச்சுவரில் கீழே கொடிகளும் மேலே ஊர்வலமும் இருக்க, இரண்டையும் பிரித்து நிறுத்துவது ஒரு மீயாண்டர் பட்டை. அந்தப் பலிபீடத்தில் அது செய்யும் வேலைதான் இந்த வடிவத்துக்கு மிகவும் இயல்பானது: இரண்டு பகுதிகளுக்கு இடையே எல்லைக்கோடு போடுவது.

மீயாண்டரின் கொக்கியும் ஒரு பக்கம் பார்த்தே நிற்கும். திசை இல்லாத வடிவம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆயினும் செங்குத்துக் கோடுகள் ஒவ்வொரு அலகிலும் ஓட்டத்தை மறித்து நிறுத்துவதால் அலைச்சுருளில் இருக்கும் வேகம் இதில் இல்லை. மூலையில் திசை மாறினாலும் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். சதுரக் கட்டங்களில் வரையப்படும் வடிவம் என்பதால் சதுர டைல்ஸுக்கும் மொசைக் கற்களுக்கும் இது சொந்த வீடு. நேர்க்கோட்டு வெட்டு மட்டுமே போதும், கல் வெட்டும் சாதாரண இயந்திரமே செய்துவிடும். மூன்றிலும் கூலி குறைவு இதற்கே.

அந்தச் சேமிப்பைத் திரும்பக் கேட்பவை உங்கள் சுவர்கள். கோட்டின் தடிப்பும் இடைவெளியும் சமமாக இருப்பதே இந்த வடிவத்தின் உயிர். அதனால் ஓர் அலகை அரை அங்குலம் நீட்டினால் உடனே தெரிந்துவிடும். அலைச்சுருளில் செய்ததுபோல் மீதியைப் பகிர முடியாது. மூலையில் ஒரு தனிக் கட்டம் வைத்து அங்கேதான் அதை விழுங்கவைக்க வேண்டும். அறை சரியான செங்கோணமாக இல்லாவிட்டால், சுவருக்கு இணையாகப் போகும் இத்தனை கோடுகள் அந்தக் கோணலைச் சத்தம் போட்டு அறிவிக்கும். பட்டை போடும் முன் அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவற்றுக்கிடையே கண்ணுக்குத் தெரியும் அளவு வேறுபாடு இருந்தால் மீயாண்டரை விட்டுவிடலாம், அல்லது சுவரிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் போடலாம்.

வளைவுகளில் இதற்குப் பலம் குறைவு. பெரிய வட்டத்தில் ஒப்பேறும். சிறிய வட்டத்தில் உட்புறக் கோடுகள் நெருங்கி, வெளிப்புறக் கோடுகள் விரிந்து, சதுரம் சதுரமாக இராது.

ஒட்டிவரும் அர்த்தங்கள் மூன்று வடிவங்களிலும் இதற்குத்தான் அதிகம். இத்தாலிய ஆடம்பர ஆடை நிறுவனமான வெர்சாச்சேயின் சின்னமாகிய மெடூசா முகத்தைச் சுற்றி இருப்பது மீயாண்டர். நியூயார்க்கின் கிரேக்க உணவகங்களை மனத்தில் வைத்து 1963இல் லெஸ்லி பக் வடிவமைத்த நீலவெள்ளைக் காகிதக் காப்பிக் கோப்பையின் ஓரத்தில் இருப்பதும் இதுதான். ஆகவே வரவேற்பறையில் தங்க நிற மீயாண்டரைப் பார்ப்பவருக்கு ஆடம்பரக் கடை நினைவுக்கு வரலாம், கிரேக்க உணவகமும் நினைவுக்கு வரலாம். கிரேக்க நாட்டிலேயே இதற்கு ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டது. 2020 அக்டோபரில் நீதிமன்றம் குற்ற அமைப்பு என்று தீர்ப்பளித்த கோல்டன் டான் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி மீயாண்டரைத்தான் தன் சின்னமாக வைத்திருந்தது. இன்னொன்று, இரண்டு மீயாண்டர் கோடுகள் குறுக்கே வெட்டும் வகையில் ஸ்வஸ்திக வடிவம் தோன்றும். ரோமானியத் தரைகளில் இது சர்வ சாதாரணம், நமக்கோ மங்கலச் சின்னம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அது நாஜிகளை நினைவூட்டும்; அங்கே வீடு கட்டும் தமிழர்கள் அந்த வகையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறை யோசிப்பது நல்லது.

பின்னல்பட்டை

ஐரோப்பியர் கில்லோஷ் என்று அழைக்கும் இந்த வடிவம் மூலை, வளைவு இரண்டையும் அலட்டிக்கொள்ளாமல் கடக்கும். புரிகள் மூலையில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடும். வட்டத்தில் தானாகவே வளையும். அலையில் இருப்பதுபோல் இதில் மேல் கீழ் என்ற பேதமும் கிடையாது, ஓடும் திசையும் கிடையாது. ஏதென்ஸின் எரெக்தியம் கோயிலில், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில், தூண் அடித்தளத்தின் உருண்ட வளையத்தைச் சுற்றி இதைச் செதுக்கியிருக்கிறார்கள். வளைந்த பரப்பில், வட்டமாகச் சுற்றி ஓர் அணியைச் செதுக்க அவர்கள் பின்னலைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. இங்கிலாந்தின் ஃபிஷ்போர்ன் ரோமானிய மாளிகையில், டால்ஃபின்மேல் ரோமானியக் காதல் தெய்வம் கியூபிட் அமர்ந்திருக்கும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுத் தரையில், வட்டத்தையும் அதைச் சுற்றிய கட்டங்களையும் பிரிப்பது பின்னல்பட்டை. வட்டமும் சதுரமும் கலந்த அப்படிப்பட்ட தரையில் மற்ற இரண்டையும் போட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

குறை நிறத்தில் இருக்கிறது. ஒரு புரி மேலேறுவதும் மற்றது கீழிறங்குவதும் நன்றாகத் தெரிய வேண்டுமானால் மூன்று நிறங்களாவது இருப்பது நல்லது: புரிக்கு இரண்டு, எல்லைக்கோட்டுக்கு ஒன்று. ரோமானியர் சிவப்பு, மஞ்சள், வெள்ளை கற்களை வரிசையாக அடுக்கிப் புரிக்கு உருட்சி கொடுத்து, கருங்கோட்டால் அதை வரம்பிட்டார்கள். ஒரே நிறத்தில், தட்டையாக இதைச் செய்தால் சங்கிலிபோல் தெரியுமே தவிரப் பின்னலாகத் தெரியாது. சுதையிலோ மரத்திலோ ஒரே நிறத்தில் செய்யலாம், ஆனால் அப்போது புடைப்பு ஆழமாக இருக்க வேண்டும். ஆழமான புடைப்பின் ஒவ்வொரு கண்ணிலும் தூசி படியும். அச்சில் வார்த்த சுதைத் துண்டுகளை ஒட்டும்போது புரிகள் ஒன்றோடொன்று சரியாகச் சேராவிட்டால், மெல்லிய இணைப்புக்கோடுகூடப் பின்னலை அறுத்ததுபோல் காட்டும்.

அகாந்தஸ் கொடி பற்றி ஒரு சொல்

நான்காவதாகச் சிலர், வெட்டுவெட்டான இலைகள் கொண்ட அகாந்தஸ் என்ற செடியின் இலைக்கொடியைக் கேட்பதுண்டு. அமைதிப் பலிபீடத்தின் கீழ்ச்சுவரில் இருப்பது அதுதான், அதைப் பார்த்தவர்கள் ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் கொடி ஒவ்வொரு வளைவிலும் வேறு இலை, வேறு மொட்டு என்று மாறிக்கொண்டே போனால்தான் உயிரோடு இருக்கும். அதற்கு நல்ல சிற்பி வேண்டும். அச்சில் வார்த்து ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டிய கொடியைவிட, சுத்தமாக வெட்டிய எளிய அலைச்சுருள் எவ்வளவோ மேல்.

வாங்கும் முன்

எந்த வடிவமானாலும், அது கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கி.மு. 348இல் அழிக்கப்பட்ட கிரேக்க நகரமான ஒலிந்தோஸின் வீடுகளில் விருந்தறையின் சுவரோரம் முழுவதும் ஒரு சிறு மேடை ஓடும். சாய்ந்து உண்ணும் கட்டில்கள் அதன்மேல் நிற்கும். கூழாங்கல் மொசைக் அந்த மேடைக்கு உட்பட்ட நடுத்தரையில் மட்டும் இருக்கும், கட்டில் அதன்மேல் ஏறாது. இன்று சுவரிலிருந்து ஓரடி விட்டுப் பட்டை போட்டுவிட்டு, அதன்மேல் சோஃபாவையும் அலமாரியையும் ஏற்றி வைக்கிறோம். மூன்று பக்கம் மறைந்து, வாசல் பக்கம் மட்டும் பாதி அலை எட்டிப் பார்க்கும். அறைகலன் எங்கே நிற்கும் என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்துவிட்டு, அதற்கு உட்புறமாகப் பட்டைக்கு அளவெடுக்கலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களைச் சேர்க்க விரும்புபவர்களுக்கு மாசிடோனியத் தலைநகர் பெல்லாவின் மான்வேட்டைத் தரை ஒரு நல்ல வழி காட்டுகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி க்னோசிஸ் என்ற கலைஞர் தன் பெயரைப் பொறித்துச் செய்த கூழாங்கல் மொசைக் அது. நடுவில் வேட்டைக் காட்சி, அதைச் சுற்றி இலையும் பூவும் சுழித்தோடும் அகலமான கொடிப்பட்டை, எல்லாவற்றுக்கும் வெளியே அலைப்பட்டை. நுணுக்கமானதை உள்ளேயும், திரும்பத் திரும்ப வரும் எளியதை வெளியேயும் வைத்திருப்பதால் கண் குழம்புவதில்லை. அலைச்சுருளையும் மீயாண்டரையும் சேர்ப்பதானால் அவற்றுக்கு இடையே, அகலம் குறைந்த பட்டையில் மூன்றில் ஒரு பங்காவது இருக்குமாறு, வெறும் ஒற்றை நிறக் கோடு ஒன்றை விடச் சொல்லுங்கள். வளைகோடும் நேர்க்கோடும் நேரடியாக உரசினால் இரண்டுமே கலங்கித் தெரியும். கல் அறுக்கக் கொடுக்கும் முன் ஒரு பக்கத்தின் முழு நீளத்தையும் இரண்டு மூலைகளோடு சேர்த்துக் காகிதத்தில் உண்மை அளவில் அச்சிட்டுத் தரையில் விரித்துப் பார்க்கக் கேட்பதற்கு எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார். அந்தக் காகிதத்தின் செலவு உடைந்துபோகும் ஓர் அலை நுனியின் செலவைவிடக் குறைவு.